ஆள் எங்கே? ஆணை எங்கே?

சிறை மதிலைத் தாண்டி ஒருவன் ஓடிவிட்டான் என்று செய்தி வந்துவிட்டால் நாடு முழுவதும் அதே பேச்சாகி விடுகின்றது. பத்திரிகைகள் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன. பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் எழுந்து கேள்விக்கணை தொடுக்கின்றனர். மந்திரி விசாரணைக் குழுவொன்றை நியமிக்கின்றார். மதில் ஓரடி உயர்கின்றது. ஆனால், அதே மதிலுக்குள்ளே வழக்கு விளங்கப்படாமல் ஆண்டுக்கணக்கிற் கிடப்பவனைப் பற்றிக் கேட்பதற்கு எவரும் எழுவதில்லை. ஓடியவன் அரசாங்கத்தின் மானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றான். ஆகையால் அவனைத் தேடுகின்றனர். கிடப்பவன் தன் ஆயுளை மட்டுமே இழக்கின்றான்; ஆகையால் அவனை எவருந் தேடுவதில்லை.

சிறையிலிருந்து தப்பியோடுதல் பற்றிப் பல நாடுகளின் அனுபவத்தை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். தன்னகத்தே உள்ள ஒவ்வொரு மனிதனைக் குறித்தும் ஒரு சிறைச்சாலை இரண்டு கேள்விகளுக்கு எந்நேரமும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றது. ஆள் எங்கே என்பது முதலாவது. அவனை அடைத்து வைப்பதற்கான ஆணை எங்கே என்பது இரண்டாவது. உலகத்துச் சிறை நிருவாகங்கள் முதலாவது கேள்விக்கு விடை சொல்லப் பெருஞ்செலவிற் பயின்றுவிட்டன. இரண்டாவது கேள்வியைச் சில்லறை விடயமாகத் தள்ளிவிட்டன. இரண்டாவதைக் கைவிட்ட அரசு நாளடைவில் முதலாவதற்கும் விடை சொல்ல இயலாது நிற்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டுக்குரியது. தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி வெள்ளைக்காரர் எழுதிய அச்சட்டக்கோவை, காவலிலிருந்து தப்பியோடுவதைக் குற்றமாக்கியது. ஆயினும் அதிற் பொதிந்துள்ள ஒரு சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெறுங் காவலிலிருந்து தப்புவது குற்றமன்று. சட்டபூர்வமான காவலிலிருந்து தப்புவதே குற்றம். காவல் சட்டத்துக்கு அமைந்ததா என்ற வினா தீர்ந்த பின்னரே ஓட்டம் குற்றமா என்ற வினா எழும். கைதியைத் தப்பவிடும் உத்தியோகத்தரையும் அச்சட்டக்கோவை விட்டுவைக்கவில்லை. ஓடியவனுக்கும் உண்டு, ஓடவிட்டவனுக்கும் உண்டு.

ஜெர்மனியில் இதனினும் ஒருபடி மேலே சென்றிருக்கின்றனர். அங்கே ஒரு கைதி எவரையுந் தாக்காது, எதனையும் உடைக்காது, தனியே தப்பிச் செல்வானாயின் அத்தப்புதல் தன்னளவிற் குற்றமாகாது. விடுதலையை விரும்புவது மனித இயல்பு என்பது அச்சட்டத்தின் பின்னால் நிற்கும் எண்ணம். அவனைப் பிடித்து மீண்டும் அடைப்பார்கள்; எஞ்சிய தண்டனையை அவன் அனுபவித்தே ஆகவேண்டும். ஆனால் ஓடியதற்கென்று தனித் தண்டனை இல்லை. தப்புவதற்குத் துணைபோகும் வெளியாளுக்கும், கூட்டாகக் கலகஞ் செய்யும் கைதிகளுக்கும் தண்டனை உண்டு.

இவ்விரண்டுக்கும் எதிர்முகமாக ஆங்கிலச் சட்டம் நமக்கு அளித்த இன்னொரு கருவி ஆட்கொணர்வு மனு. அது சிறை அதிகாரியைப் பார்த்துக் கேட்பதும் இவ்விரு கேள்விகளையே. ஆளைக் கொண்டுவா, அடைத்ததற்குக் காரணத்தைக் காட்டு. சிறையுடைப்புச் சட்டமும் ஆட்கொணர்வுச் சட்டமும் ஒரே நாணயத்தின் இருபக்கங்கள். ஒருபக்கம் கைதியின் கடமை. மறுபக்கம் அரசின் கடமை. ஒருபக்கத்தை மட்டும் அச்சிட்ட நாணயம் சந்தையிற் செல்லாது.

போகம்பரையிற் கதவு திறந்த கை

இலங்கையின் சிறை வரலாற்றிற் பெயர்பெற்ற தப்பியோட்டம் ஒன்று 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திற் கண்டி போகம்பரைச் சிறையில் நிகழ்ந்தது. லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களான பிலிப் குணவர்த்தனா, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மன்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ், விசாரணை எதுவுமின்றி அடைக்கப்பட்டவர்கள். அவர்களில் இருவர் அப்போது அரசாங்க சபை அங்கத்தவர்கள். யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அதே வாரத்தில் நால்வரும் சிறையை விட்டு வெளியேறினர். மதில் இடிக்கப்படவில்லை, சுரங்கம் தோண்டப்படவில்லை. சிறைக்காவலர் ஒருவரே கதவைத் திறந்துவிட்டுத் தாமும் அவர்களோடு புறப்பட்டுவிட்டார். பின்னர் அவர்களிற் சிலர் இந்தியா சென்று அங்கும் விடுதலை இயக்கத்திற் பங்குபற்றினர்.

அக்காவலர் ஏன் அவ்வாறு செய்தார்? அவர் மனத்துள் நாம் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். குற்றப்பத்திரம் இல்லை, தீர்ப்பு இல்லை, தண்டனைக் காலம் இல்லை. ஆணை எங்கே என்று கேட்டால் ஆளுநரின் ஒப்பத்தைத் தவிரக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. அத்தகைய காவலிற் காவலனுடைய மனமும் பூட்டாக நிற்பதில்லை.

அந்நால்வரிற் பெரேரா, கொல்வின் ஆகிய இருவரும் பிற்காலத்தில் மந்திரிகளாயினர். கொல்வின் ஆர். டி சில்வா 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கிய மந்திரி. விசாரணையற்ற தடுப்புக்காவல் எப்படி இருக்கும் என்பதை உடலால் உணர்ந்த அவர்கள் அமர்ந்திருந்த மந்திரிசபையின் காலத்திலேயே, தமிழ் இளைஞர் பலர் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். தமக்கு இழைக்கப்பட்டபோது அநீதியென்று கண்டது, பிறர்க்கு இழைக்கப்பட்டபோது நிருவாகமென்று தோன்றிவிட்டது போலும்!

நாற்பத்திரண்டு ஆண்டுகளும் ஒரு நூலேணியும்

இனி, நமக்குச் சிறைச்சட்டந் தந்த இங்கிலாந்தை நோக்குவோம். 1961ஆம் ஆண்டு, சோவியத் நாட்டுக்கு உளவுபார்த்த ஜோர்ஜ் பிளேக் என்பவருக்கு 42 ஆண்டு மறியற் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு குற்றத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்சத் தண்டனை 14 ஆண்டு. மூன்று குற்றங்களுக்கான தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்குமாறு பிரதம நீதியரசர் கட்டளையிட்டமையால் அது நாற்பத்திரண்டாயிற்று. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி மாலை, இலண்டன் வேம்வுட் ஸ்கிரப்ஸ் சிறையிலிருந்து அவர் நூலேணி வழியே இறங்கிச் சென்றார். அவ்வேணியின் படிகள் கம்பளி பின்னும் ஊசிகளாற் செய்யப்பட்டவை.

ஏணியை மதிலுக்கு மேலாக வீசியவர் முன்னாட் கைதி ஒருவர். துணைநின்ற மைக்கல் ரான்டில், பாட் பொட்டில் என்போர் அணுகுண்டு எதிர்ப்பு இயக்கத்தினர். மறியலில் இருந்தபோது பிளேக்கைச் சந்தித்தவர்கள். அவர்களுக்குப் பிளேக்கின் உளவிற் பரிவில்லை. 42 ஆண்டு என்பது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று கருதினர், அவ்வளவுதான். பல ஆண்டுகளின் பின் தாம் செய்ததைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டனர். 1991ஆம் ஆண்டில் அவர்கள் மீது வழக்கு விளங்கப்பட்டபோது, சட்டத்தில் அவர்களுக்கு எதிர்வாதம் இல்லையென நீதிபதி யூரிமாருக்கு எடுத்துரைத்தார். யூரிமாரோ இருவரும் சுற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தனர்! பன்னிரண்டு சாதாரண குடிமக்கள், ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு செயலைக் குற்றமென்று சொல்ல மறுத்துவிட்டனர். அளவு மிஞ்சிய தண்டனை மதிலுக்கு வெளியே நண்பர்களை உண்டாக்கும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று சட்ட நூல்களிற் கிடைத்தல் அரிது.

பிளேக் தப்பியதும் ஆங்கில அரசாங்கம் மவுண்ட்பேட்டன் பிரபுவை விசாரணைக்கு நியமித்தது. யுத்தகாலத்திற் பேராதனையிலே தலைமையகம் அமைத்திருந்த அதே மவுண்ட்பேட்டன்தான். 1966ஆம் ஆண்டு டிசெம்பரிலேயே அறிக்கை வெளியாயிற்று. கைதிகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்க வேண்டும். தப்பினால் மக்களுக்கோ நாட்டுக்கோ பேராபத்து விளைவிப்போர் முதலாம் வகுப்பு. திறந்த சிறையிலே நம்பி விடத்தக்கோர் நான்காம் வகுப்பு. இப்பாகுபாடு இன்றும் அங்கு நடைமுறையில் இருக்கின்றது. இதன் நன்மையை நாம் மறுக்கவேண்டியதில்லை. எல்லாரையும் ஒரே பூட்டாற் பூட்டுவது மடமை. எவனை எவ்வளவு பூட்டுவது என்று ஆராய்வதே அறிவுடைமை.

தொகை குறைந்த வரலாறு

அதன்பின்னும் தப்பியோட்டங்கள் நிகழாமலில்லை. 1994ஆம் ஆண்டு செப்டெம்பரில் வைற்மூர் சிறையின் விசேட காவற் பகுதியிலிருந்து ஆறு பேர் தப்பினர். 1995ஆம் ஆண்டு ஜனவரியிற் பார்க்ஹேர்ஸ்ட் சிறையிலிருந்து மூவர் தப்பினர். அப்போதைய உள்நாட்டு மந்திரி மைக்கல் ஹவார்ட், கொள்கை மட்டுமே தமது பொறுப்பு, நடைமுறை நிருவாகம் சிறைத் தலைமை அதிகாரியின் பொறுப்பு என்று கோடு கீறி, அந்த அதிகாரியை 1995ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பதவி நீக்கினார். மந்திரிப் பொறுப்பு என்ற கோட்பாட்டைப் படிக்கும் சட்ட மாணவர் இன்றும் ஆராயும் விடயம் அது. புகழ் வரும்போது மந்திரியும், பழி வரும்போது உத்தியோகத்தரும் முன்னுக்கு நிற்பது எங்கும் உள்ள வழக்கமே!

ஆயினும் அந்த அதிர்ச்சியின் பின், இங்கிலாந்தில் மதில் தாண்டுவோர் தொகை மளமளவென்று வீழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் தப்பிய நாட்டில், இப்போது அத்தொகை மிகச் சொற்பமாகிவிட்டது. திறந்த சிறைகளிலிருந்து சொல்லாமற் செல்வோர் 2003-04இல் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தனர். பத்தாண்டின் பின் இருநூற்றுச் சொச்சமாயினர். அமெரிக்காவிலும் இதே போக்குத்தான். அங்கே 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,80,000 மாநிலச் சிறைக் கைதிகளில் 14,000க்கு மேற்பட்டோர் தப்பியவர் அல்லது சொல்லாமற் சென்றவர் எனக் கணக்கிடப்பட்டனர். 1998இற் கைதிகள் 11,00,000 ஆகப் பெருகியும், தப்பியோர் தொகை 6,500 அளவிற்கு இறங்கிற்று. நூற்றுக்கு இருவர் என்றிருந்தது நூற்றுக்கு ஒருவரிலுங் குறைவாயிற்று.

இத்தொகைகளைக் கணக்கெழுதும் அன்பர்கள் சற்று உற்றுநோக்கல் வேண்டும். சினிமாவிற் காட்டுவதுபோல் மதிலேறிக் குதித்தவர் இவர்களிற் சிறு பகுதியினரே. பெரும்பாலானோர் குறைந்த காவலுள்ள முகாமிலிருந்து நடந்து சென்றவர்கள். வேலைக்கென்று வெளியே விடப்பட்டுத் திரும்பாதவர்கள். இவ்விரு வகையினரையும் ஒரே பத்தியில் எழுதிப் பெருந்தொகை காட்டினால் மக்கள் அஞ்சுவர். மக்கள் அஞ்சினால் திறந்த சிறைகள் மூடப்படும். அவற்றைத் தனித்தனியே எழுதினால் உண்மை துலங்கும். திறந்த சிறையில் மதிலே இல்லை. அங்குள்ளோர் ஓட நினைத்தால் அன்றிரவே ஓடிவிடலாம். ஓடாமல் இருக்கின்றனரே, ஏன்? விடுதலை நாள் தெரியும். அந்நாள் வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஓடினால் அந்த நாள் பின்னுக்குப் போய்விடும் என்பதும் தெரியும். மதில் செய்யாத வேலையை அங்கே நாட்காட்டி செய்கின்றது.

கமக்காரருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்கின்றோம். பொட்டுக் கண்ட இடத்திற் கிடுகோ மட்டையோ வைத்துக் கட்டுகின்றோம். ஆயினும் பட்டியிலே புல்லும் தண்ணீரும் இல்லையென்றால் எந்த வேலியும் மாட்டை மறிக்காது. மனிதன் மாடல்லன். அவனுக்குப் புல்லும் தண்ணீரும் போதா, நீதியும் வேண்டும். அதனால் அவனை மறிப்பதற்கு வேலி இன்னுங் குறைவாகவே உதவும்.

1983 செப்டெம்பர்: இரண்டு நாள் இடைவெளி

நீதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வேறெங்குஞ் செல்லவேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதியும் 27ஆந் திகதியும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்கள் தெருவில் நின்றவர்கள் அல்லர். அரசின் பூட்டுக்குள், அரசின் பாதுகாப்பில் இருந்தவர்கள். முதல் நாட் படுகொலையின் பின்னும் எஞ்சியோரைக் காக்க அரசுக்கு ஒரு முழுநாள் அவகாசம் இருந்தது. காக்கவில்லை. காந்தீயம் அமைப்பின் செயலாளர் டாக்டர் இராஜசுந்தரம் இரண்டாம் நாட் கொல்லப்பட்டவர்களுள் ஒருவர். அக்கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பது நம்மூர்ப் பழமொழி. வெலிக்கடையில் வேலி பயிரை மேய்ந்ததோடு நில்லாமல், மேயவந்தவர்களுக்குப் படலையையும் திறந்துவிட்டது.

உயிர்தப்பியோர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர். செப்டெம்பர் 23ஆந் திகதி இரவு அச்சிறை உடைந்தது. நாற்பதளவான தமிழ் அரசியற் கைதிகளும், அவர்களோடு நூற்றுக்கு மேற்பட்ட ஏனைய கைதிகளும் வெளியேறினர். காந்தீயத்தின் தலைவர் எஸ். ஏ. டேவிட் அவர்களும் அன்று வெளியேறியவர்களுள் ஒருவர்.

சரியாக இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 25ஆந் திகதி, வட அயர்லாந்தின் மேஸ் சிறையிலிருந்து ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்த 38 கைதிகள் உணவு ஏற்றும் லொறி ஒன்றைக் கைப்பற்றி வெளியேறினர். ஐரோப்பாவிலேயே மிக உறுதியான சிறைகளுள் ஒன்று என்று பெயர்பெற்றது அது. அங்கே கத்திக் குத்துக்கு இலக்கான ஒரு சிறை உத்தியோகத்தர் மாரடைப்பால் உயிரிழந்தார். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அதை மறந்து இந்நிகழ்ச்சிகளை வீரகதையாகப் பாடுவது நமக்கு அழகன்று.

இவ்விரு சம்பவங்களும் ஒன்றையொன்று அறிந்து நிகழ்ந்தவை அல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியிற் கிடந்த சட்ட மண் ஒரேவகையானது. வட அயர்லாந்தில் 1971 முதல் 1975 வரை விசாரணையற்ற தடுப்புக்காவல். 1973 முதல் யூரிமார் இல்லாத நீதிமன்றங்கள். குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதில் தளர்த்தப்பட்ட விதிகள். இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். நீதிமன்றத்தைக் கேளாமல் மந்திரியின் ஆணையால் 18 மாதம் வரை தடுப்புக்காவல். யூரிமார் இல்லாத விசாரணை. பொலிஸ் உதவி அத்தியட்சகர் முன்னிலையில் அளித்த வாக்குமூலம் சாட்சியம். தற்காலிகச் சட்டமென்று வந்தது 1982இல் நிரந்தரமாயிற்று. 2022ஆம் ஆண்டின் திருத்தம் பதினெட்டை 12 மாதமாகக் குறைத்தது. ஆயின் வழக்குத் தொடுத்தபின் விளக்கமறியலிற் கழியும் காலம் அந்தப் பன்னிரண்டிற் சேராது. அங்கேதான் ஆண்டுகள் கரைகின்றன.

மட்டக்களப்பில் இருந்தவர்களின் நிலையிற் சட்டத்தரணி ஒருவர் தம்மை வைத்துச் சிந்திப்பாராக. இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து அறையில் இருந்தவன் அடித்துக் கொல்லப்பட்டான். கொன்றவர் எவரும் கைதாகவில்லை. இக்காவல் சட்டபூர்வமானது, அமைதியாக இருங்கள் என்று எந்த முகத்தோடு அவருக்குப் புத்தி சொல்வது? உயிரைக் காக்கும் பொறுப்பை அரசு கைவிட்டபோதே அக்காவலைச் சட்டபூர்வமானது என்று சொல்லும் தகுதியையும் அது இழந்துவிட்டது. முதலிற் சட்டத்தை விட்டு ஓடியது அரசு. கைதிகள் பின்னர் ஓடினர்.

முன்வாசலால் நடக்கும் தப்பியோட்டம்

மதிலிற் கவனம் வைத்த நாடுகளில் இன்று புதியதொரு நோய் தோன்றியிருக்கின்றது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் வான்ட்ஸ்வேர்த் சிறையிலிருந்து விளக்கமறியற் கைதி ஒருவர் உணவு லொறியின் அடியிற் கட்டித் தொங்கித் தப்பினார். நாலாம் நாட் பிடிபட்டார். மேஸ் சிறையின் உணவு லொறிக்குச் சரியாக நாற்பது ஆண்டின் பின் இன்னொரு உணவு லொறி! பின்னர் 2024இல் அங்கு சென்ற சிறைப் பரிசோதகர்கள், பகல்வேளையிற் கைதிகள் அனைவரும் எங்கே இருக்கின்றனர் என்பதைப் பெரும்பாலான பகுதிகளின் உத்தியோகத்தராற் சொல்ல முடியவில்லை என்று கண்டனர்.

இதைவிடப் பெரியது வேறொன்று. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 262 கைதிகள் தவறுதலாக விடுவிக்கப்பட்டனர். முந்திய ஆண்டில் அத்தொகை 115. மதில் தாண்டுவோர் அருகிவிட்டனர். கதவைத் திறந்து, கைகுலுக்கி, வழியனுப்பப்பட்டோர் இருநூற்றறுபத்திருவர்! காரணம் என்ன? சிறைகள் நிரம்பி வழிந்தன. நெரிசலைக் குறைக்க அவசர விடுவிப்புத் திட்டங்கள் வந்தன. தண்டனைக் காலத்தைக் கணிக்கும் விதிகள் சிக்கலாயின. எழுதுவினைஞரின் மேசையிற் கோப்புகள் குவிந்தன. ஆணை எங்கே என்ற கேள்வியை எவரும் நிதானித்துக் கேட்க நேரமில்லாதபோது ஆள் எங்கே என்பதும் தெரியாமற் போயிற்று.

இலங்கையிலும் 2025ஆம் ஆண்டு வெசாக் பொதுமன்னிப்பின்போது, ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற விவகாரம் வெளிவந்தது. அது தொடர்பிற் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, நமதன்று. நாம் கேட்பது ஒன்றுதான். பட்டியலில் இல்லாதவர் வெளியே போகக்கூடிய கந்தோரில், விடுவிக்கப்பட வேண்டியவர் உள்ளேயே கிடக்கவில்லை என்பதற்கு உத்தரவாதம் என்ன? தவறாக வெளியே போனவனைப் பொலிசார் தேடுவர். தவறாக உள்ளே இருப்பவனை யார் தேடுவர்?

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்ததை அடுத்துக் குழப்பம் மூண்டு அறுநூறு அளவானோர் ஓடினர். போதைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்கென்று வைக்கப்பட்டோர் அவர்கள். 2020ஆம் ஆண்டு நவம்பரில், தொற்றுநோய் பரவிய வேளையில், மகர சிறையிற் கலவரம் மூண்டு 11 கைதிகள் மாண்டனர். இந்நாட்டுச் சிறைகள் இடவசதிக்கு இருமடங்குக்கு மேல் நிரம்பியிருக்கின்றன. உள்ளே இருப்போரிற் பெரும்பான்மையினர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்படாத விளக்கமறியற் கைதிகள். அவர்களை இரண்டு கிழமைக்கொருமுறை வண்டியில் ஏற்றி, நீதிமன்றக் கூட்டில் நிறுத்தி, அடுத்த தவணை சொல்லித் திருப்பி அனுப்புகின்றோம். அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆணை எங்கே என்ற கேள்வியை யார் கேட்கின்றனர்? நீதிபதிக்கு அவகாசமில்லை. பொலிசாருக்கு ஆர்வமில்லை. சட்டத்தரணியை அமர்த்தக் கைதியிடம் பணமில்லை.

செய்யவேண்டியது

கொலைகாரனும் கொள்ளைக்காரனும் ஓடித்திரிவதையா நீர் விரும்புகின்றீர் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினா. கூட்டில் ஏறிச் சாட்சி சொன்ன ஏழைப் பெண்ணுக்கு, அவள் காட்டிக்கொடுத்தவன் தப்பிவிட்டான் என்ற செய்தி வந்தால் அன்றிரவு தூக்கம் வருமா? அவளுடைய பாதுகாப்பும் சட்டத்தின் கடமையே. அதனாலேதான் சொல்கின்றோம்: பாயும் புலிக்கும் வழிதவறிய ஆட்டுக்கும் ஒரே கூடு கட்டி, இரண்டையும் ஒன்றாக நெரித்து வைக்கும் சிறை அவளைக் காக்காது. அடைக்க வேண்டாதவனை அடைத்து இடத்தையும் காவலையும் வீணாக்குவதால், அடைக்க வேண்டியவனைக் காக்க ஆளில்லாமற் போகின்றது.

ஆகவே மூன்று காரியங்களைக் கோருகின்றோம். முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் சிறைக் கணக்கொன்று மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். மதில் தாண்டியோர், வெளிவேலையிலிருந்து திரும்பாதோர், தவறாக விடுவிக்கப்பட்டோர் என்று தனித்தனியே அதில் எழுதப்பட வேண்டும். அதே ஏட்டின் எதிர்ப்பக்கத்தில், விடுதலை நாள் கடந்தும் உள்ளே இருந்தோர், காவலில் மாண்டோர், வழக்கு விளங்காமல் ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்தோர் தொகைகளும் எழுதப்பட வேண்டும். வரவை எழுதிச் செலவை மறைத்த கணக்கை நம் சங்கக் கடையிற்கூட ஏற்கமாட்டோம்.

இரண்டாவது, ஓராண்டுக்கு மேல் விளக்கமறியலில் உள்ள ஒவ்வொருவரின் கோப்பும், எச்சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவராயினும், நீதிபதி ஒருவர் முன் தனியே எடுக்கப்பட வேண்டும். வைத்திருப்பதற்கான காரணத்தை அரச தரப்பு எழுத்திற் காட்ட வேண்டும். காட்ட இயலாதவிடத்து அவர் வெளியே வரவேண்டும், தயவாலன்று, உரிமையால்.

மூன்றாவது, காவலில் நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும்; தப்பியோட்டத்துக்குச் சொல்வதுபோல. ஓடிய கைதிக்காகப் பதவி துறக்கச் சொல்லும் எதிர்க்கட்சி, மாண்ட கைதிக்காகவும் அவ்வாறு சொல்லப் பழகவேண்டும். 2012ஆம் ஆண்டு நவம்பரில் வெலிக்கடையில் 27 கைதிகள் கொல்லப்பட்ட சம்பவம் தொடர்பில், முன்னாட் சிறை ஆணையாளர் ஒருவர் 2022ஆம் ஆண்டிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆகவே பொறுப்புக் கேட்பது இந்நாட்டிற் கூடாத காரியமன்று. மனம் வைத்தால் முடியும். 1983இன் 53 உயிர்களுக்கு அந்த மனம் வைக்கப்படவில்லை என்பதையே அத்தீர்ப்பு நமக்கு நினைவூட்டுகின்றது.

எமது தொழிலைச் சேர்ந்த இளஞ் சட்டத்தரணிகளுக்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் செல்லும் நீதிமன்றங்களில், அடுத்த தவணை என்ற சொல் விழுமுன் எழுந்து நின்று, இவர் எத்தனை நாளாக, எந்த ஆணையின் கீழ் உள்ளே இருக்கின்றார் என்று கேளுங்கள். கட்டணம் தருபவருக்காக மட்டுமன்றி, ஆளில்லாது கூட்டில் நிற்பவருக்காகவும் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்காகக் கேட்டாற் போதும். ஆசிரியரும் வைத்தியரும் கமக்காரருமாகிய பொதுமக்கள், தத்தம் ஊரில் எவரெவர் இவ்வாறு அடைபட்டிருக்கின்றனர் என்ற பட்டியலை எழுதித் தமது பாராளுமன்ற உறுப்பினரிடங் கையளியுங்கள். பெயர், அடைபட்ட திகதி, வழக்கு இலக்கம் ஆகிய மூன்றும் போதும். கேட்பவர் இருக்கின்றனர் என்று தெரிந்தாற் கணக்கெழுதும் கை விழிப்படையும்.